இயல்பு மேடை

அந்த ஊரில் எங்களை யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ மனக்குறையோடு எழுதுவதாக நினைத்துவிடுவீர்கள். மனக்குறை இருக்கிறது. அதை எங்கே போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அடித்தால் அழலாம். கைதட்டினால் என்ன செய்வது?

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர் எல்லாம் புட்டிகளில் வரும். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் பேசாது, நானும் பேச மாட்டேன். அதனால் எங்களுக்குள் இதுவரை தகராறு வந்ததில்லை.

அந்த ஊருக்கு என்னோடு வந்தவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவாள். அவர்களால் பதில் சொல்ல முடியாது. மாலையில் வீட்டுக்கு வந்து, பதில் சொல்லாத இன்னொருத்தியிடம் பேசுவாள். அவளுக்கு நான் வைத்த பெயர் சில்வண்டு. எனக்கு அவள் வைத்தது ஊமைக்கோட்டான். செல்லமாக, கோட்டான்.

நாங்கள் காதலித்து, ஒரே வீட்டில் சில வருடங்களாக வாழ்கிறோம். வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் "பெரியம்மா பொண்ணு" என்று சொல்லி வைத்திருந்தோம். அது நல்ல பொய்தான், ஆனால் தீனி கேட்கும் பொய். "உங்க பெரியம்மாவை ஒரு தடவை வரச் சொல்லேன்மா, பாக்கலாம்" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இல்லாத பெரியம்மாவுக்கு முதலில் முழங்கால் வலி வந்தது. பிறகு கண்புரை. எதற்கும் அசராமல் அவர் விசாரித்ததால், கடைசியில் பெரியம்மாவை வெளிநாட்டுக்கே அனுப்பிவிட்டோம்.

இப்போது அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் மகன் குடும்பத்தோடு வருகிறானாம்.

"மலைக்குப் போயிட்டு வருவோம்டி," என்றாள் சில்வண்டு. "அங்க வச்சு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இங்கயே கேளேன்."

"இங்க கேட்டா நீ மிக்சியைப் போடுவே."

அது உண்மை. பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் நான் மிக்சியைப் போட்டுவிடுவேன். அரைக்க எதுவும் இல்லாவிட்டாலும்.

"இன்னொண்ணு," என்றாள். "அடிவாரத்துலேர்ந்து ஏரி வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். வீட்டுக்குள்ள இல்ல. வெளியில. நாலு பேர் நடக்குற பாதையில."

நான் சரி என்றேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். அதுவரை சாலையைக் கடக்கும்போதுகூட அவள் சட்டை நுனியைத்தான் பிடித்திருக்கிறேன்.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது விளம்பரத்தைப் பார்த்து. மலை, மலைமேல் ஏரி, காட்டுப் பாதை, சைக்கிள் பாதை. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், "யார் யாரோடு வந்தாலும் யாரும் கேள்வி கேட்காத ஊர்".

யாரும் கேள்வி கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹோட்டலில் மட்டும் ஒரு கேள்வி வந்தது. "ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா?" என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண்.

"ஒண்ணு," என்றாள் சில்வண்டு.

அந்தப் பெண் மேசைக்கு அடியில் கைவிட்டு எதையோ அழுத்தினார். கட்டிடம் முழுக்க மணி அடித்தது. தீ பிடித்துவிட்டது என்று நினைத்து நான் பையைத் தூக்கினேன். சமையலறையிலிருந்து, சலவை அறையிலிருந்து, மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வரிசையாக நின்றார்கள். கைதட்டினார்கள். சமையல்காரர் ஒரு கையில் கரண்டி வைத்திருந்ததால் தொடையில் தட்டினார்.

நான் என் ஷூவைப் பார்த்தேன். கயிறு சரியாகத்தான் கட்டியிருந்தது.

"பயந்துட்டீங்களா மேடம்? வாரியத்தோட விதி," என்றார் வரவேற்புப் பெண். "உங்கள மாதிரி வந்து ஒரு கட்டில் கேட்டா மணி அடிச்சே ஆகணும்."

வாரியம் என்பது திறந்த மனது வாரியம். அந்த ஊரின் நகராட்சியில் குப்பைக்கு ஒரு பிரிவு, சாக்கடைக்கு ஒரு பிரிவு இருப்பதுபோல் திறந்த மனதுக்கும் ஒரு பிரிவு உண்டு. மற்ற இரண்டையும்விட அதில் ஆட்கள் அதிகம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஒரு கட்டில் கேட்டார்கள். சாவியைக் கொடுத்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

"அவங்களுக்கு மணி இல்லையா?" என்றாள் சில்வண்டு.

"அவங்க சும்மா வந்தவங்க மேடம்."

நாங்களும் சும்மாதான் வந்தோம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சமையல்காரர் மறுபடியும் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் அறையில் எல்லாமே வானவில். தலையணை, துண்டு, சோப்பு, கழிப்பறையைத் தேய்க்கிற பிரஷ். மலை தெரியும் அறை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். சில்வண்டு ஆசையாக ஜன்னலைத் திறந்தாள். வெளியே துணி. கட்டிடத்தின் நெற்றியிலிருந்து கால்வரை ஒரு பெரிய பேனரைத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் உள்ளேயிருந்து இடவலம் மாறித் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்தேன். "இந்த ஊரில் எதையும் மறைக்க வேண்டியதில்லை."

மலை அதற்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் காலை அடிவாரத்துக்குப் போனோம். வெயில் இதமாக இருந்தது. பிள்ளைகள், நாய்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே முடியும் என்று எனக்குத் தோன்றியது. உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டேன்.

அப்போது ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒருவர் எதிரில் வந்து நின்றார். கழுத்தில் விசில்.

"வணக்கம்மா. நான் தோழமைத் தொண்டர். வாரியம் அனுப்பிச்சது. உங்க கூடவே ஏரி வரைக்கும் வருவேன்."

"வேணாம் சார், நாங்களே போயிக்கறோம்," என்றாள் சில்வண்டு.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. தனியா விட்டா எங்களுக்கு மனசு திறக்கலைன்னு ஆயிடும். நீங்க பாட்டுக்கு இயல்பா நடங்க. யாராவது உங்களை உத்துப் பாத்தா நான் ஊதுவேன். அவ்வளவுதான்."

அவர் வங்கியில் காசாளர். விடுமுறை நாட்களில் விசில்காரர். நல்ல மனிதர். எங்களுக்கு ஒரு முழம் பின்னால் நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் சில்வண்டு ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். அவள் பேசாமல் இருப்பது அபூர்வம். நான் நீட்டினேன். விரல் நுனி பட்டது.

காதைக் கிழித்தது விசில்.

பாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நாய்கள் உட்பட.

"பாக்காதீங்க!" என்று கத்தினார் விசில்காரர். "யாரும் பாக்காதீங்க! இவங்க இயல்பா இருக்காங்க!"

என் கை எப்போது என் பாக்கெட்டுக்குள் போனது என்று எனக்கே தெரியவில்லை.

"எதுக்கு சார் ஊதினீங்க?" என்றாள் சில்வண்டு.

"அதோ அந்தப் பெரியவர் பாத்தார்."

அந்தப் பெரியவர் அதுவரை எங்களுக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊதின அப்புறம்தான் அவர் பாத்தார்," என்றேன். அன்று நான் பேசிய முதல் முழு வாக்கியம்.

"பாத்தாரா, இல்லையா?"

"பாத்தார்."

"அதுக்குத்தாம்மா ஊதினேன்."

காரணம் முன்னால் வரும், விளைவு பின்னால் வரும் என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் இப்படியே நடந்தது. அவள் கை வரும், என் கை கிளம்பும், விசில் முந்திக்கொள்ளும். நடுவில் ஒரு தடவை சில்வண்டு மூக்கைச் சொறிய கையைத் தூக்கினாள். அதற்கும் ஊதினார். முன்ஜாக்கிரதையாம்.

பாதிவழிக்கு மேல் ஊர்க்காரர்கள் எல்லாரும் சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தார்கள். "இவங்கல்லாம் கவனிக்காமை வகுப்புல தேறினவங்க," என்றார் விசில்காரர் பெருமையாக. "இனி எனக்கு வேலையே இருக்காது பாருங்க. ஒருத்தர்கூட உங்களைப் பாக்க மாட்டாங்க."

பார்க்கவில்லை. நாங்கள் அருகில் வந்ததும் ஒவ்வொருவரும் சொல்லி வைத்தாற்போல் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள். தாண்டிப் போனதும் தலையை இறக்கினார்கள். நாங்கள் நடக்க நடக்க, பாதை நெடுக முகங்கள் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தாங்களும் நின்று வானத்தில் என்ன என்று தேடியது. "ஹெலிகாப்டரா?" என்று கேட்டார் அந்தக் குடும்பத் தலைவர். யாரும் பதில் சொல்லவில்லை. கவனிக்காமை வகுப்பில் அதற்குப் பாடம் இல்லை போல.

எதிரே ஒரு சைக்கிள்காரர் வந்தார். வில்லை குத்தியிருந்தார். எங்களைக் கண்டதும் விதிப்படி வானத்தைப் பார்த்தார். சைக்கிள் விதிப்படி பள்ளத்தில் இறங்கியது.

நான் ஓடிப் போனேன். முட்டியில் நல்ல சிராய்ப்பு. என் பையில் மருந்தும் பஞ்சும் இருந்தன. "காலைக் காட்டுங்க," என்றேன்.

அவர் சைக்கிளுக்கு அடியில் படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் யாரையும் கவனிக்கல," என்றார்.

"ரத்தம் வருதுங்க."

"யாரோ பேசுற மாதிரி இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாது."

"பாத்தீங்களா?" என்றார் விசில்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "போன வருஷம் இவருதான் வகுப்புல முதல்."

பஞ்சை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தோம். சில்வண்டு என் காதருகே சொன்னாள். "ஏய் கோட்டான். நம்ம ஊர்ல பாத்தாங்கன்னு இங்க வந்தோம். இங்க விழறாங்கடி."

அடுத்த வளைவில் பாதையை மறித்துக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஒரு மரமேடை. மேடைமேல் இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே நாற்காலிகள், அவற்றில் கூட்டம். மேடையின் தலையில் "இயல்பு மேடை" என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் "தயவுசெய்து இயல்பாக இருக்கவும்" என்று எழுதியிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"ஏரிக்குப் போறதுக்கு முன்னால இங்க கொஞ்ச நேரம் இயல்பா இருந்துட்டுப் போகணும்," என்றார் விசில்காரர். "ரொம்ப சுலபம்மா. போன தடவை வந்த ரெண்டு பையன்களுக்கு அழுகையே வந்துடுச்சு."

ஒரு பையனும் பெண்ணும் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். வாரியத்து ஆட்கள் கயிற்றைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏரிப் பக்கம் போனார்கள்.

"நாங்க இவங்க பின்னாலயே போயிடறோமே," என்றாள் சில்வண்டு.

"ஐயோ, அவங்களுக்கு எந்த வசதியும் கிடையாதும்மா. உங்களுக்குத்தான் எல்லாம்."

வாரியத்தின் தலைவியம்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சில்வண்டுக்கென்று காலையிலிருந்து துடைத்து வைத்திருந்த கைகள். எங்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார். முன்வரிசையில் ஒரு மெலிந்த மனிதர், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைநகரத்திலிருந்து தரச்சான்று கொடுக்க வந்த பரிசோதகர். வருடத்துக்கு ஒரு முறை வருவாராம். எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் வந்த நாளில் வந்திருந்தார்.

"நம்ம ஊரோட பெருமை என்ன?" என்று ஆரம்பித்தார் தலைவியம்மா. "மலை. எல்லா ஊர்லயும் மலை இருக்கு. ஏரி. அதுவும் இருக்கு. மனசு! அது நம்மகிட்டதான் இருக்கு. இந்த ரெண்டு பொண்ணுங்களும் யாரு, என்ன, எதுவும் நாம கேக்க மாட்டோம். அவங்களே இப்ப மேடையில சொல்லுவாங்க."

கைதட்டினார்கள். நாங்கள் சொல்லவில்லை.

"கூச்சப்படறாங்க. படட்டும்! கூச்சப்படறதுக்கும் நம்ம ஊர்ல சுதந்திரம் உண்டு. இத்தனை வருஷத்துல இவங்களை மாதிரி ஆளுங்களால நம்ம ஊர்ல ஒரு சின்னப் பிரச்சினை வந்ததுண்டா? கிடையாது. ஏன்னா அப்படி ஒருத்தரும் இங்க குடியிருக்கல."

இதற்கும் கைதட்டினார்கள்.

சில்வண்டு எழுந்தாள். "ஏங்க, இங்க பொறந்து வளந்தவங்கள்ல எங்களை மாதிரி ஒருத்தர்கூடவா இல்ல?"

"இருந்தாங்கம்மா," என்றார் தலைவியம்மா வாஞ்சையாக. "எல்லாரையும் நல்லபடியா பஸ் ஏத்தி விட்டுட்டோம். வெளியூர்ல போய் சுதந்திரமா இருக்கட்டும்னு. ஒருத்தரையும் திட்டல, அடிக்கல. என் சின்னப் பொண்ணையே நான்தான் கூட்டிட்டுப் போய் ஏத்தி விட்டேன். ஜன்னல் சீட்டு வாங்கிக் குடுத்தேன்."

"திரும்பி வந்தாங்களா?"

"வரலாமே. யாரு வேணாம்னா? விருந்தாளியா வந்தா மணி அடிச்சு வரவேற்போம்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவியம்மாவும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் தொண்டையைச் செருமினார். "ஆரம்பிக்கலாமா? நேரமாகுது. கை கோத்துக்கங்க."

நான் அவரைப் பார்த்தேன்.

"கையம்மா, கை. இயல்பா கோக்கணும். ஒண்ணும் அவசரமில்ல. இப்பவே கோத்தாப் போதும்."

எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு. மாதிரி எடுக்கும்போது புட்டியின் வாயை விரலால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால், பிறகு தெரிகிற கிருமி தண்ணீருடையதா விரலுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் புட்டியைக் கொட்டிவிட வேண்டியதுதான். காலையிலிருந்து என் கையை எத்தனை பேர் தொட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மடியில் கிடந்த அது என் கை மாதிரியே இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. அதைப் பக்கத்தில் நகர்த்தினால் போதும், ஏரிக்குப் போகலாம், அவள் கேட்க வந்ததைக் கேட்கலாம். என்னால் முடியவில்லை.

சில்வண்டு என்னைப் பார்த்தாள். தன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் தோற்க வேண்டாம் என்று அவள் அப்படிச் செய்தாள். அது எனக்குத் தெரியும். பரிசோதகருக்குத் தெரியாது.

"இவங்க இயல்பா இல்ல," என்றார் அவர்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. விசில்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். தலைவியம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மூட்டம் தெரிந்தது.

"நாங்க எவ்வளவோ செஞ்சோமேம்மா," என்றார். "மணி அடிச்சோம். ஆள் போட்டோம். மேடை போட்டோம். கை கோக்குறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"இப்ப நாங்க ஏரிக்குப் போகலாமா?" என்றாள் சில்வண்டு.

"எப்படிம்மா விடுறது? மேல கம்பி வேலி கிடையாது. இயல்பா இல்லாதவங்களை விட்டு ஏதாவது ஆயிட்டா? ஊருக்குக் கெட்ட பேரு. நல்லா பழகிக்கிட்டு அடுத்த வருஷம் வாங்க."

கயிற்றை இறக்கிக் கட்டினார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த கணவனும் மனைவியும், ஹோட்டலில் சும்மா வந்தவர்கள், சண்டை போட்டுக்கொண்டே கயிற்றைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர்களை இயல்பாக இல்லை என்று யாரும் நிறுத்தவில்லை.

இறங்கும்போது விசில்காரர் எங்களோடு வரவில்லை. தோற்றவர்களுக்குத் தொண்டர் கிடையாதாம். பாதை நெடுக முகங்கள் மேலே போய்க் கீழே வந்தன. பள்ளத்தில் சைக்கிள்காரர் இன்னும் படுத்திருந்தார். பஞ்சை எடுத்து முட்டியில் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் சட்டென்று அதை மறைத்துக்கொண்டார்.

ஹோட்டலில் பையை எடுத்தோம். பஸ் நிலையம் வரை சில்வண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாவிட்டால் உலகம் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு பலகை இருந்தது. "வாரிய எல்லை முடிகிறது." அதற்கப்பால் யாரும் வில்லை குத்தியிருக்கவில்லை. எல்லாரும் எரிச்சலாக இருந்தார்கள்.

எங்கள் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. சில்வண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள். நான் பையோடு பின்னால் ஓடினேன். "கையைக் குடுடி!" என்று கத்தினாள். பிடித்து ஏறினேன். உள்ளே நிற்க இடமில்லை. படியிலேயே நின்று இருவரும் மூச்சு வாங்கினோம்.

"ஏம்மா!" என்றார் கண்டக்டர், கூட்டத்துக்கு நடுவிலிருந்து. "படியில நின்னு என்ன ஆராய்ச்சி பண்றீங்க? கையைக் கோத்துக்கிட்டு வழியை அடைச்சிட்டு நின்னா மத்தவன் எங்க போவான்? உங்க வீட்டு வாசப்படியா இது?"

குனிந்து பார்த்தேன். கை அவள் கையில் இருந்தது. பஸ் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒருவர் உச்சுக் கொட்டினார். ஒரு அம்மாள் எங்கள் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். அது என்ன அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியாது. வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எப்போதும்போல் என் கை பாக்கெட்டுக்குக் கிளம்பும் என்று காத்திருந்தேன். அது கிளம்பவில்லை.

"உள்ள போறோம் சார்," என்றேன் சத்தமாக. அப்படியே கையோடு கையாக, பக்கவாட்டில் நகர்ந்து, நாலு பேர் காலை மிதித்து உள்ளே போனோம்.

ஜன்னலுக்கு வெளியே மலை மெதுவாகத் திரும்பிக்கொண்டது.

"ஏரியைப் பாக்கவே இல்லடி," என்றாள் சில்வண்டு.

"மழைக்கு முன்னால அந்தத் தண்ணி எங்க கூடத்துக்குப் பரிசோதனைக்கு வரும். புட்டியில காட்டறேன்."

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "புது வீடு பாக்கப் போறோம்ல. அங்க பெரியம்மா பொண்ணுன்னு சொல்லாம இருக்கலாமா?"

பஸ்ஸில் மிக்சி இல்லை. எஞ்சின் சத்தம் இருந்தது. காதில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பெரியம்மா வெளிநாட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்," என்றேன். "அவங்களை இனிமே எதுக்கும் கூப்பிட வேணாம்."

அவள் என் விரல்களை நசுக்கினாள். என் பை முதுகில் இடிக்கிறது என்று பின்னால் இருந்தவர் ஊர் வந்து சேரும் வரை திட்டிக்கொண்டே வந்தார்.